நாப்பது நைனா போட்ட எண்பது கிலோமீட்டர் பிரேக்

வீரத்தை வைத்துப் பிழைத்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. பயத்தை வைத்துப் பிழைத்து, குடும்பம் நடத்தி, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் திருத்தணி நாப்பது நைனாதான். இதை யாராவது மறுத்தால் அவர் நைனாவின் வண்டியில் ஏறாதவர் என்று அர்த்தம்.

நைனா என் அக்கா வீட்டு டிரைவர்; அப்போது நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அவர் வண்டி போனதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய நிஜப்பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். கனகம்மாசத்திரம் தாண்டி ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று எங்கள் காரை முந்திக்கொண்டு போனது. அக்கா இல்லை என்பாள். மாப்பிள்ளை எனக்குக் கையாட்டினார், நான் பார்த்தேன்.

லாரிக்குப் பயப்படலாம், நாய்க்குப் பயப்படலாம். நைனா நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸுக்கும் பயப்படுவார். பந்து உருண்டு வந்தால் வண்டியை ஓரம் கட்டி, பந்துக்குச் சொந்தக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருப்பார். மலைக்கோயிலுக்கு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மூன்று முறை ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, மேலிருந்து பதில் வருகிறதா என்று காதைத் தீட்டுவார். எதிரே ஈ காக்கை இல்லாத சாலையிலும் அவர் கால் பிரேக்கின் மேலேதான் இருக்கும்.

"ரோடு காலியாத்தானே கீது நைனா, கொஞ்சம் அமுத்தக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலியா கீறதுதான் தம்பி பயமே. லாரி வந்தா லாரின்னு தெரியும். காலி ரோட்டுல எது வரும்னு எப்டி தெரியும்?"

அரக்கோணம் சாலையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய், "மத்தவங்க வண்டியில டயர் தேயும், இவரு வண்டியில பிரேக்தான் தேயுது" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அதே பாய் தன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக யாரைத் தேடி வந்தார் தெரியுமா? நைனாவைத்தான். தையல் போட்ட வயிறு, கட்டுப்போட்ட கால், பிறந்து மூன்று நாளான குழந்தை, எதுவானாலும் ஊர் அக்காவிடம் வந்து நைனாவை இரவல் கேட்கும். கேலி செய்வதற்கு ஒரு வாய், உயிரை ஒப்படைப்பதற்கு இன்னொரு வாய் என்று மனிதர்களுக்கு இரண்டு வாய் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். நானும் பெரிய தைரியசாலி இல்லை, லிஃப்ட்டில் தனியாகப் போகமாட்டேன்.

அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் பாவா என்று கூப்பிடுவேன். பள்ளிப்பட்டில் அவருக்கு லுங்கியும் துண்டும் நெய்யும் தறிகள் இருந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஆசை ஒன்று வந்தது. திடீரென்று சோற்றைக் குறைத்தார். மீசைக்கு மை வந்தது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வந்தது. பிறகு வெளிநாட்டுக் கார் வாங்கப் போவதாக அறிவிப்பும் வந்தது.

அந்தக் காரில் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஸ்போர்ட்ஸ். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும், உட்கார்ந்தால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உறுமும். இன்னொன்று லாங் வீல்பேஸ். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே சற்று நீளம் கூட்டி, அதையெல்லாம் பின்சீட்டுக்காரரின் காலுக்குக் கொடுத்திருந்தார்கள். நைனா அவற்றுக்குக் குட்டை, நெட்டை என்று பெயர் வைத்தார். தானே ஓட்டுகிறவர் குட்டையை வாங்குவார், ஓட்டச்சொல்லி உட்காருகிறவர் நெட்டையை வாங்குவார் என்பது ஷோரூம்காரர்களின் கணக்கு.

பாவா இதைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னார். "குட்டைய வாங்கினா நானே ஓட்டிப்பேன். அப்பால டிரைவர் எதுக்கு?"

வாசலில் பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்த நைனாவின் கை நின்றுவிட்டது. ஐம்பத்தொன்பது வயது. நாற்பதில் ஓட்டும் டிரைவரை இந்தக் காலத்தில் வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம். பாவா கார் ஓட்டி நாங்கள் பார்த்தது இரண்டே முறை. முதல்முறை எங்கள் கேட் போனது. இரண்டாம் முறை பக்கத்து வீட்டு கேட்.

ஆனால் பாவாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வண்டி விஷயத்தில் நைனாவின் சொல்லைத் தட்டமாட்டார். "ரெண்டையும் கொண்டாரச் சொல்லிகீறேன். நீயே ஓட்டிப் பாரு நைனா. நீ எதைச் சொல்றியோ அதை வாங்கிடலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா நைனாவைச் சமையலறை வாசலில் மடக்கினாள். "நைனா, நெட்டைதான் நல்லா கீதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. உனக்கும் வேல நிக்கும், எனக்கும் தாலி நிக்கும்."

"ஆங், சரிம்மா" என்றார் நைனா. ஒரு வார்த்தைதானே, முடிந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

சென்னையிலிருந்து இரண்டு கார்களும் வந்தன. கூடவே ஷோரூமிலிருந்து கோட்டு போட்ட ஒரு பெண்ணும் வந்தாள். போக்குவரத்து இல்லாத ஒரு புதுச் சாலைக்கு எல்லாரும் போனோம். நைனா மஞ்சள் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் புது வண்டியை மலைக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் ஓட்ட ஆரம்பிப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "சார், கஸ்டமர் பூஜையே ஆரம்பிச்சிட்டாங்க!" என்று ஆபீசுக்குப் போன் போட்டு, டிக்கியிலிருந்து ஸ்வீட் பெட்டியை எடுத்து, பாவாவின் கையைக் குலுக்கி, போட்டோவும் எடுத்துவிட்டாள். பாவாவும் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"அம்மாடி, இது பூஜைக்கு இல்ல" என்றார் நைனா. "இந்தப் பழத்தாண்ட வந்ததும் பிரேக்க மிதிப்பேன். வண்டி எங்க நிக்குதோ அங்க இன்னொரு பழம் வைக்கணும். வண்டி எப்டி போவுதுன்னு எல்லாரும் பாக்கறாங்க. எப்டி நிக்குதுன்னு யாரு பாக்கறது?"

வாயில் மைசூர்பாகுடன் நாங்கள் பார்த்தோம். நாற்பதில் ஓட்டி மிதித்தார். நெட்டையும் குட்டையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். இனி அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

நைனா அந்தப் பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இது டெஸ்ட் இல்ல" என்றார். "ஓனரு நாப்பதுல போவமாட்டாரு. எம்பதுல போவாரு. எம்பதுலதான் பாக்கணும்."

நைனா எண்பதா? நெட்டையில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீயும் ஏறு. தனியா போவ எனக்கு பயமா கீது."

எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனாலும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அறுபதைத் தாண்டியபோது நைனாவின் உதடு "முருகா, முருகா" என்றது. எழுபதில் அவர் காதோரம் வேர்வை வழிந்தது. எண்பதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் விழுந்தது, பெல்ட் என் நெஞ்சைப் பிடித்தது, வண்டி நின்றது. இறங்கிப் பழம் வைத்தேன்.

அடுத்து குட்டை. மறுபடி அறுபது, எழுபது, எண்பது. மறுபடி முருகன். இந்தமுறை நான் கண்ணைத் திறந்தபோது, முன்பு நான் வைத்த பழம் வண்டிக்கு முன்னால் இன்னும் தூரத்தில் இருந்தது. நைனா இறங்கி, தள்ளாடித் தள்ளாடி, அந்த இடைவெளியைக் காலால் அளந்தார். நாலு தப்படி. அளந்து முடித்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு பாவாவிடம் வந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"குட்டையே வாங்கிடுங்க ஓனரே. நல்லா நிக்குது."

தன் தலையில் தானே மண்ணை வாரிப்போட்டுக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பாவா துள்ளிக் குதிக்காத குறை. அக்கா ஊர் வந்து சேரும்வரை நைனாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் திட்டினேன்.

"பொய் சொல்லத் தெரியலன்னா பேசாம இருந்திருக்கலாமில்ல நைனா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"நிக்குது தம்பி, அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னார். குட்டை வீட்டுக்கு வந்த அன்று பழைய காரின் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் நடக்கிற வேகமும் குறைவுதான். தெருமுனை திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கஷ்டமாக இருந்தது.

பதினோராம் நாள், பட்டப்பகலில், திருவாலங்காட்டிலிருந்து நானும் பாவாவும் குட்டையில் வந்துகொண்டிருந்தோம். சாலை காலி. பாவா கறுப்புக் கண்ணாடியோடு எண்பதில் பறந்தார். நான் கதவுப் பிடியைக் கைவிடவே இல்லை. வயல் வழியிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னறிவிப்பில்லாமல் ரோட்டில் ஏறி, குறுக்கே நின்றது. பாவா கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.

நின்றது. கரும்புத் தோகை முன்கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. டிராக்டர்காரர் எட்டிப்பார்த்து, "பாத்து வரக்கூடாதா சார்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவாவால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. நான்தான் குனிந்து முழங்காலைப் பிடித்துத் தூக்கினேன். அப்போதுதான் அந்த நாலு தப்படி எனக்கு ஞாபகம் வந்தது. நெட்டையாக இருந்திருந்தால் நாங்கள் இருவரும் கரும்புக்குள் இருந்திருப்போம்.

பாவா வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிள் வேகத்தில் நேராக நைனாவின் வீட்டுக்கு விட்டார். வண்டிச் சத்தம் கேட்டு நைனா பனியனோடு ஓடிவந்தார். முதலில் முன் பம்பரைக் குனிந்து பார்த்தார். பிறகு பாவாவின் முகத்தை, பிறகு என் முகத்தை.

"எதுக்கு மிதிச்சீங்க?" என்றார்.

"கரும்பு வண்டி" என்றார் பாவா. வண்டியிலிருந்து இறங்கி நின்று கேட்டார். "குட்டைய வாங்கினா உனக்கு வேல போயிடும்னு தெரியும் இல்ல? தெரிஞ்சும் ஏன் நைனா சொன்ன?"

நைனா தலையைச் சொறிந்தார். "நெட்டைய வாங்கியிருந்தாலும் ஒரு நாளு நீங்க சாவிய எடுத்துகினு தனியா கெளம்பிடுவீங்க ஓனரே. எனக்கு தெரியாதா உங்கள? அன்னிக்கு உங்க பக்கத்துல நான் இருக்கமாட்டேன். பிரேக் மட்டும்தான் இருக்கும். அதான் நல்ல பிரேக்கா பாத்து சொன்னேன்."

பாவா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவியை நைனாவின் கையில் திணித்தார். பிறகு பின்கதவைத் திறந்து, அந்தக் குறுகிய பின்சீட்டில் தன்னை மடித்து நுழைத்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் மோவாயில் இடித்தன. இன்றுவரை அப்படித்தான் உட்கார்ந்து போகிறார். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். கிளம்பிவிட்டோம் என்று அக்கா போன் செய்தால், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று நான் கேட்பதில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்றுதான் கேட்பேன். "நைனாதான்டா" என்று அவள் சொல்லிவிட்டால் போதும், எவ்வளவு நேரமானாலும் பசியோடு காத்திருப்பேன்.