கஸ்பர் கொண்டுவந்த இனிப்பு வைன்

“ஃபிரிட்ஜுக்குள்ள என்ன செத்துக் கிடக்குது? திறந்தால் பாலும் நாறுது, பட்டரும் நாறுது, பக்கத்தில நிக்கிற புருஷனும் நாறுறார்!” கிளடிஸ் குசினிக்குள் நின்றுதான் சொன்னாள். வோபர்ன் வட்டாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

“அது நாத்தமில்லை, மணம்,” என்றார் அருள்நாயகம்.

“சீஸில நீலமாப் பூசணம் பிடிச்சிருக்கு!”

“பூசணத்துக்குத்தான் விலை.”

“பாணில பூசணம் பிடிச்சால் என்னைப் பேசுறியள். சீஸில பிடிச்சால் கொஞ்சுறியள்.” கிளடிஸ் கத்தியை எடுத்து நீலத்தைச் சுரண்டத் தொடங்கினாள். அவர் பாய்ந்து பறித்தார்.

எல்லாம் ஒரு போத்தலால் வந்த வினை. கிளடிஸின் தம்பி கஸ்பர் சுவிசில் ஹோட்டல் குசினியில் வேலை. லீவில் வந்தவன் அத்தானுக்கென்று ஒரு வைன் வைத்துவிட்டுப் போயிருந்தான். பனிமலைச் சரிவில் திராட்சையைக் கொடியிலேயே வாடிச் சுருங்கவிட்டுப் பிழிந்தது. தேன் நிறம், தேன் இனிப்பு. பூசணச் சீஸும் வாத்து ஈரலும் அப்ரிகொட்டும்தான் அதற்குத் தோது என்றும் படிப்பித்துவிட்டுப் போனான். இனிப்பு வைனுக்கு ஏன் உப்புச் சீஸ்? ஈரலோடு பழம் எப்படி? மிளகாய்ப் பொரியல் கடித்துக் குடித்துப் பழகிய மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றுதான் விளங்கியது. போத்தல் சின்னது. ஒருத்தருக்குத்தான் காணும். அந்த ஒருத்தர் யார் என்பதில் அவருக்குக் குழப்பமேயில்லை.

ஆனால் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழ்வீட்டுப் பேபி அக்காவையும் அவ புருஷன் சீமோனையும் கிளடிஸ் கூப்பிட்டிருந்தாள். சீமோன் பார்த்தாலே போத்தல் பாதியாகிவிடும்.

“கிளடிஸ், இஞ்சை கேளும். உறைப்புப் பட்ட வாய்க்கு இந்த வைன் குடுக்கக்கூடாது. கஸ்பர் சொன்னவன். பெரிய பாவமாம்.”

“சீமோன் அண்ணை கறியில்லாமல் இருக்கமாட்டார்.”

“அதுதான் சொல்லுறன். பாவம், அவருக்குச் சரிவராது.”

“ஓம், ஓம். சட்டமெண்டால் சட்டம்தானே.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் இவ்வளவு சுகமாக ஒத்துக்கொண்டதேயில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். ஆம்பிளையளுக்கு அந்த மூளை எங்கே கிடக்கிறது?

ஞாயிறு காலையிலிருந்து அவருக்கு வெறும் பாணும் பாலும்தான். நாக்கைப் பச்சைப்பிள்ளை மாதிரிப் பாதுகாத்தார். கிளடிஸ் நண்டுக்கறி வைத்தாள். முருங்கையிலை போட்டு இறக்கி, மூடியை மெல்லத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, உப்புப் பாக்கிறியளோ?”

“வேண்டாம்.”

“பிறகு உப்புக் கூடிப்போச்சு எண்டு சபையில என்னைக் குறை சொல்லக்கூடாது.”

வைனா, நண்டா? தலை சுற்றியது. உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கினார். சொட்டில் உப்புத் தெரியவில்லை. ஒரு நண்டுக்கால் வாங்கினார். காலில் சந்தேகம் தீரவில்லை, ஓட்டோடு முழு நண்டையே வாங்கினார். வாய் கொப்பளித்தால் சரி என்று தனக்குத்தானே மன்னிப்பும் வழங்கிக்கொண்டார்.

மணி அடித்தது. பேபி அக்காவும் சீமோனும்.

“அண்ணை, ஏதும் சாப்பிட்டியளோ?” கிளடிஸ் சீமோனைக் கேட்டாள்.

“எங்க தங்கச்சி! நீர் ரெலிபோனில சொன்னபடி காலமையிலிருந்து பச்சைப் பாண்தான். இவ தேத்தண்ணிக்கு இஞ்சிகூடப் போடேல்லை.”

கிளடிஸ் மேசையில் சீஸ், ஈரல், அப்ரிகொட் எல்லாவற்றையும் அடுக்கினாள். மூன்று கிளாஸ் வைத்தாள். அருள்நாயகம் நாலாவதைத் தேடினார்.

“உங்களுக்கு வேண்டாமப்பா. வாயெல்லாம் நண்டு. பெரிய பாவம் எல்லோ?”

“கொப்பளிச்சனான்!”

“மூக்கு இன்னும் ஒழுகுது. துடையுங்கோ.”

சீமோன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். “நாறுற சீஸ், இனிக்கிற வைன். சேர்ந்தால் என்ன சோக்காக் கிடக்கு!” பேபி அக்கா ஈரலைப் பாணில் பூசிக்கொண்டு இரண்டாம் முறை கிளாஸை நீட்டினா. கிளடிஸ் நீலம் கூடின துண்டாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

“கிளடிஸ், ஒரு சொட்டு?”

சீமோன் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். பேபி அக்கா அப்ரிகொட்டை மென்றா. கிளடிஸ் உதட்டைத் துடைத்தாள்.

“சரி, போத்தல் மூடியை மணந்து பாக்கவாவது தாருமன்?”