எட்டாவது மாதிரி

நோர்வேயிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியை ஸகியா மூன்றாவது தடவையாக வாசித்தாள். அவள் அனுப்பிய சாய மாதிரிகளில் எட்டாவதுதான் ஓடர் தந்த சிக்ரிட் அம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம். தான் அனுப்பியிருக்கும் இரண்டு கிலோ அங்கோரா ஆட்டு ரோமத்துக்கும் அதே நிறம் ஏற்றித் தரவேண்டுமாம்.

"நான் ஏழு மாதிரிதானே செஞ்சன்?"

"பார்சல் கட்டினது நான். மேசையில கெடந்த எல்லாத்தையும் வெச்சுக் கட்டினன்," என்றான் கணவன் நிஸ்தார்.

செய்தியோடு ஒரு படமும் இருந்தது. விரித்த பத்திரிகைத் தாளில், செம்பொன் நிறத்தில் ஒரு பிடி ரோமம். மற்ற ஏழிலும் ஸகியா எழுதிய இலக்கம் இதில் மட்டும் இல்லை. இப்படியொரு அழகான நிறத்தை எப்போது காய்ச்சினோம் என்று அவளுக்குச் சத்தியமாக நினைவில்லை.

"நீங்க ஏதும் கலந்தீங்களா?"

"நான் ஊத்துற தேத்தண்ணியவே நீ குடிக்கமாட்டாய். நான் சாயம் காய்ச்சினனாமா?"

ஏறாவூர் தையற்கடை வேலையை விட்டுவிட்டு இந்தச் சாயத் தொழிலில் இறங்கியவள் அவள். முதல் பெரிய ஓடர் இது. தவறினால் மறுபடியும் அந்தக் கடை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"மகள், என்ட பேப்பர்ச் சுருளக் கண்டியா?" என்றபடி வாப்பா ஆதம்பாவா எட்டிப் பார்த்தார்.

"பொறகு தேடுவம் வாப்பா!"

வெங்காயத் தோலை அவித்து அரைக் கிலோவை முக்கினாள். கடுகு மஞ்சள் வந்தது.

"செகப்புக் காணாது. தேயில போடு," என்றான் நிஸ்தார்.

இன்னொரு அரைக் கிலோவைத் தேயிலையில் போட்டாள். அது வாவிச் சேறு மாதிரி வந்தது. மூன்றாவது அரைக் கிலோவை மஞ்சளில் நனைத்து, கோபத்தில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினாள். சிவப்பு வந்ததுதான். ஆனால் பட்டுப்போல இருந்த ரோமம் கூட்டுகிற தும்புக்கட்டையாக விறைத்துவிட்டது.

மிச்சம் அரைக் கிலோ. ஸகியாவுக்கு அழுகை முட்டியது.

"மகள், அந்தப் பேப்பர்..."

"நான் இஞ்ச அழுதுக்கிட்டு இரிக்கன், ஒங்களுக்குப் பேப்பரா? இந்த நெறத்தப் பாருங்க வாப்பா. ரெண்டு கிலோ கேக்கிறா. எதுல செஞ்சன் எண்டே தெரியல்ல!"

வாப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். தாடையைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"இதத்தானே மகள் நான் தேடுறன்! மருதோண்டி வெச்ச என்ட தாடி. வெட்டின முடியப் புதைக்கிறத்துக்குப் பேப்பர்ல சுத்தி மேசையில வெச்சன். அது சரி, ரெண்டு கிலோ சேர்றத்துக்கு நான் இன்னும் எத்தின வருஷம் இரிக்கணும்?"