தோளில் அடி, பலகையில் 287

இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

அட்டைப்பெட்டிக் கம்பெனிக் கிடங்கில் பதினொரு வருடமாகச் சுமை தூக்குபவன் ஒற்றைக் கையால் வணங்கி எழுதிக்கொள்வது. மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம், மறு கை ஏறாது.

அடிபட்டால் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். எனக்கு அடிபட்டு ஏழு மாதம் ஆகிறது. தாங்கள் காலக்கெடுவை நீட்டித் தந்தால்தான் தோளில் ஆபரேஷன் நடக்கும் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலடுக்கிலிருந்து அட்டைக்கட்டு சரிந்து என் மேல் விழுந்தது. நான் கத்துவதற்குள் சூப்பர்வைசர் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். கம்பெனி வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அன்று அதில் ‘விபத்து இல்லாமல் 287 நாட்கள்’ என்றிருந்தது. முந்நூறு வந்தால் ஆளுக்கொரு குக்கர், யாராவது அடிபட்டதாக எழுதினால் மறுபடி பூஜ்யம். “அண்ணே, பதிமூணே நாள், பல்லைக் கடிச்சுக்கங்க” என்றார். வீட்டுக்குப் போனால் என் சம்சாரம், “குக்கர் வந்த மறுநாள் விழுந்ததா எழுதுங்க, யாரு பாத்தா?” என்கிறாள். யார் பார்த்தார்களாம்! நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள் ஐயா.

குக்கர் வந்தது. சரி, இப்போது எழுதலாம் என்று போனால் ஐந்நூறாம் நாளுக்கு வாஷிங் மெஷின் என்று அறிவித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒரு நோட்டைக் காட்டினார். அதில் டிரைவரின் முட்டி, பசை காய்ச்சுபவரின் முழங்கை என்று எனக்கு முன்னால் நாலு பேர். “வரிசைல வாங்கண்ணே, உங்களுக்கு மட்டுந்தான் வலிக்குதா?” விபத்தே நடக்காத கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தால் பாதிப்பேர் நொண்டிக்கொண்டுதான் வருகிறோம். இன்றைக்குப் பலகையில் 497. இன்னும் மூன்றே நாள் என்று எல்லாரும் காலில் விழாத குறை. ஆனால் நேற்று என் மகள் தலைவாரிவிடச் சொன்னாள், கை ஏறவில்லை. அழுதுவிட்டேன். எல்லார் மேலும் கோபம்தான், வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் இன்னும் அதிகம். தயவுசெய்து மன்னித்துக் கெடுவை நீட்டித் தாருங்கள்.

தாங்களும் குடும்பத்தாரும் இரண்டு கை, இரண்டு காலோடு நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிடங்குச் சுமைக்காரன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது முதலாளி கூப்பிட்டு, “உனக்குக் கை சரியில்ல, இனிமே சுமை தூக்காத” என்று என்னைப் பாதுகாப்பு அதிகாரியாக்கி, நாற்காலியும் சீலும் கொடுத்துவிட்டார். அடிபட்டவர்களின் மனுக்கள் இனி என்னைத் தாண்டித்தான் தங்களிடம் வர வேண்டுமாம். முதலில் வந்தது இந்த மனு. ஏழு மாதத் தாமதத்துக்குச் சொன்ன காரணம் ஏற்கும்படி இல்லை. தள்ளுபடி செய்துவிட்டேன். மனுதாரருக்கு ரொம்ப வருத்தம்.