கண் திறந்த மோட்டார் வண்டி

வள்ளியூர்ப் பக்கம்,
1913, ஆவணி.

கர்த்தருக்குள் மிகவும் மரியாதைக்குரிய மாமா மாசிலாமணி அவர்களுக்கு, மருமகன் உபதேசியார் வேதநாயகம் பணிவுடன் எழுதிக்கொண்டது. தேவகிருபையால் இவ்விடம் நானும் தங்கள் மகள் பாக்கியவதியும் நலம். ஜெபவீட்டுச் சுவர்தான் நலமில்லை. காலையிலிருந்து என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். எழுத்துக் கோணலைப் பொறுத்தருளவும்.

நான் மனித முகம் வரைந்தால் பூசணிக்காயாக வருமென்பது தாங்கள் அறிந்ததே. ஆகையால் வேத பாடங்களைச் சுவரில் வீட்டுச் சாமான்களாகவே எழுதி நடத்துகிறேன். காணாமற்போன வெள்ளிக்காசுக்கு விளக்குமாறு, பத்துக் கன்னிகைகளுக்கு நம் வீட்டுக் குத்துவிளக்கு. எலியா தீர்க்கதரிசி சாகாமலே பரலோகம் போன அக்கினி ரதத்துக்கு என்ன செய்வது? துரை ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் வண்டியைப் பார்த்தது நினைவிருந்தது, அதையே எழுதி, ஆசனத்தைக் காலியாக விட்டேன். முன்விளக்கு இரண்டும் வெறும் வட்டம். தங்கள் மகள் பார்த்து, "கண்ணு தொறக்காத வண்டி எப்படிப் போவும்?" என்று கரி தொட்டு இரண்டு பொட்டு வைத்துவிட்டாள். தங்கள் தகப்பனார் சுடலைமாடன் கோயில் மண்சிலைகளுக்கெல்லாம் கண் எழுதித் திறந்தவரல்லவா, ரத்தம் விடுமா!

மறுநாள் ஆசனத்தில் ஓலைக்குடையோடு கிழவர் பிச்சைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். சத்தியமாக நான் வரையவில்லை. முகம் அவ்வளவு அச்சாக இருந்தது. மத்தியானம் காலமானார். அடுத்து வெற்றிலை உரலோடு இசக்கியம்மா. அவளும் அன்றே போய்ச் சேர்ந்தாள். சுண்ணாம்பு அடித்தால் காய்வதற்குள் வண்டி மேலே வந்துவிடுகிறது, சக்கரத்தில் ஈரச் செம்மண்ணோடு. ஊரார் பயப்பட வேண்டாமா? பட்டையாய் விபூதி பூசும் முப்பிடாதி வந்து, "வே உபதேசியாரே, முட்டுவலியில கெடந்து சாவ முடியல. ஞானஸ்நானம்னாலும் சரி, எனக்கொரு எடம் போட்டு வையும்" என்கிறார்.

இன்று காலை அதில் மஞ்சள் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் தடியுமாகத் தாங்கள் இருக்கிறீர்கள். பாக்கியவதி, "அப்பா எவ்வளவு கம்பீரமா இருக்காவ" என்று சொல்லிவிட்டு அழுதாள், அடுப்பே மூட்டவில்லை. இக்கடிதம் சேரும்போது உயிரோடிருந்தால் உடனே பதில் போடவும். எந்த வண்டியிலும் ஏறாதீர்கள், மாட்டு வண்டியானாலும் சரி. கிறிஸ்துமசுக்குக்கூட இந்தப் பக்கம் வரவேண்டாம்.

அத்தைக்கு எங்கள் தோத்திரம். சர்வவல்லவர் தங்களைத் தரையிலேயே வைத்துக் காப்பாராக.

கீழ்ப்படிந்த மருமகன்,
வேதநாயகம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் போய்ப் பார்த்தேன். தாங்கள் இறங்கிவிட்டீர்கள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். இப்போது அங்கே ஒருவன் மடியில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். என் மூக்குக்கண்ணாடி அவன் மூக்கில் இருக்கிறது. பாக்கியவதி தனியாக இருப்பாள். கூட்டிப்போகத் தாங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டும். நடந்தே வாருங்கள்.