எங்க பைக் கிளப்புக்கு ரெட் டேக் ஒட்டிட்டாங்க

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். காலைல ஏழு மணிக்கு படப்பைல ஒரு டீக்கடை வாசல்ல அஞ்சு பைக்கைக் கொண்டாந்து நிறுத்தணும்.

அஞ்சுல ஒண்ணு என்னோடது. மிச்சம் நாலு. சின்ன வேலைதான்.

எதுக்குன்னு கேப்பீங்க. பதினெட்டு வருஷம் முன்னாடி, ஒரகடத்துல வேலைக்குச் சேந்த புதுசுல, பதினாலு பேர் சேந்து ஒரு பைக் கிளப் ஆரம்பிச்சோம். பேரு 'ஒரகடம் புயல்கள்'. அடக்கமாத்தான் பேரு வெச்சோம். படப்பைல முனுசாமி அண்ணன் டீக்கடை செவுத்துல தகரத்துல ஒரு போர்டு மாட்டினோம். ஞாயித்துக்கிழமை ஆனா அங்கதான் கூடுவோம், அங்கருந்துதான் கிளம்புவோம்.

இப்ப வாட்ஸப்ல மட்டும் கூடறோம். முன்னெல்லாம் எந்த ரோடு நல்லாருக்குன்னு பேசுவோம். இப்ப எந்த லேப்ல சுகர் டெஸ்ட் நல்லா எடுக்கறாங்கன்னு பேசறோம். தலைவர் பேத்தி பொறந்ததும் கிளப்ல இருந்து விலகிட்டாரு. நான் செக்ரெட்டரி. நான் விலகல, ஏன்னா விலகல் கடுதாசிய யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல.

இந்த லட்சணத்துல என் வாய் வேற சும்மா இருக்கல.

எங்க கம்பெனில ஃபைவ் எஸ்ங்கற ஒழுங்குபடுத்தற வேலைய நான்தான் பாக்கறேன். அதாவது, ஷாப் ஃப்ளோர்ல ரொம்ப நாளா யாரும் தொடாத சாமான் இருந்தா அதுல செவப்பு சீட்டு ஒட்டுவேன். அதுக்குப் பேரு ரெட் டேக். ஒரு வாரத்துக்குள்ள அதை உபயோகப்படுத்திக் காட்டணும். இல்லன்னா தூக்கி ஸ்கிராப்புல போட்ருவோம். என்னைப் பாத்தாலே ஆப்பரேட்டருங்க ஸ்டூல்ல ஓடிப் போய் உக்காந்துப்பாங்க, ஸ்டூலைக் காப்பாத்த.

இந்தப் பெருமைய எல்லாம் டீ குடிச்சிக்கினே முனுசாமி அண்ணன்கிட்ட அளந்து வுட்டுட்டேன். சாம்பிளுக்கு நாலு ரெட் டேக் வேற குடுத்துட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போறேன், எங்க கிளப் போர்டு மேல ரெட் டேக்.

"இன்னா அண்ணா இது?"

"நீங்க குடுத்ததுதான் சார். மூணு உடைஞ்ச கிளாஸ் ஸ்டாண்டுல ஒட்டினேன். ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

கிட்டப் போய்ப் பாத்தேன். 'கடைசியாகப் பயன்படுத்திய நாள்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'ஞாபகம் இல்ல'ன்னு எழுதியிருந்தாரு. கையெழுத்து நல்லாவே இருந்துச்சு.

"அந்த எடத்துல இன்னா மாட்டப் போறீங்க?"

"ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு போர்டு. அவுங்க தெனம் வராங்க சார். நீங்க சொன்னா மாதிரி ஒரு வாரம் டைம் கீது. ஞாயித்துக்கிழமை அஞ்சு வண்டி வந்து நிக்கட்டும், சீட்ட நானே கிழிச்சிடறேன்."

நான் எழுதின ரூல். 

குரூப்ல மெசேஜ் போட்டேன். 'கிளப் மானம் போகுது, ஞாயிறு ஏழு மணி, எல்லாரும் வண்டியோட வாங்க.' பன்னெண்டு பேர் கட்டை விரல் காட்டினாங்க. அந்த விரலை ஆக்ஸிலேட்டர்ல வெச்சிருந்தா பரவாயில்ல.

ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணேன். ஒம்போது பேர் எடுக்கவே இல்ல. எடுத்தது மூணு பேரு.

சேகர் சொன்னான், "வரேன் மச்சான். வழில ஸ்பீடு பிரேக்கர் எத்தினி?"

பாபு சொன்னான், "வரேன் மச்சான். ஆனா ஒம்போதுக்குள்ள காய் வாங்கிட்டு வூட்டுக்குப் போயிடணும்."

தேவாதான் மொதல்ல செருமினான். அப்புறம், "மச்சான், பைக்கை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

"டேய், போன மாசம் கூட செயினுக்கு ஆயில் போடறேன்னு போட்டோ போட்டியே?"

"அது பழைய போட்டோ."

சரி, நாமளாவது புயலா போவோம்னு ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கே எழுந்தேன். எங்க வூடு ஸ்ரீபெரும்புதூர். போர்ட்டிகோல என் பைக் நிக்குது. அது மேல ரெண்டு போர்வை, ஒரு மிதியடி காயுது.

"போர்வை ஈரம். கீழ போட்றாதீங்க," இது என் பொண்டாட்டி செல்வி.

கிளப் ஜாக்கெட்டைப் போட்டேன். முதுகுல பெருசா 'ஒரகடம் புயல்'னு எழுதியிருக்கும். ஜிப் பாதி வழில நின்னுடுச்சு.

"வயித்தை உள்ள இழுங்க."

"இழுத்துக்கினுதான் இருக்கேன்."

செல்வி வெடுக்குன்னு திரும்பினா. உள்ள போயிட்டா. சிரிக்கத்தான் போனான்னு எனக்குத் தெரியும்.

செல்ஃப் எடுக்கல. பேட்டரி அவுட். கிக்கரை உதைச்சேன். பதினேழாவது உதைக்கு வண்டி ஸ்டார்ட் ஆச்சு, என் இடுப்பு ஆஃப் ஆச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். ரோட்டுக்கு வந்ததும் மூஞ்சில காத்து அடிச்சுது பாருங்க, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. ஒரகடம் சிக்னல் வரைக்கும் எனக்கு இருவத்தெட்டு வயசுதான்.

சிக்னல்ல செவப்பு. காலை ஊனினேன். ஊனின எடத்துல ஜல்லி. விழுந்தேன்னு சொல்ல முடியாது. நானும் வண்டியும் பொறுமையா, மரியாதையா சாஞ்சோம்.

எழுந்துட்டேன். வண்டிதான் எழுந்திருக்கல. தூக்கிப் பாத்தேன், இடுப்பு வேணாம்னு சொல்லிடுச்சு. பக்கத்துல ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நாலு பொண்ணுங்க யூனிஃபார்மோட நின்னுக்கினு இருந்தாங்க. ஓடியாந்து ஒரே தூக்கு, வண்டி நிமிந்துடுச்சு.

"அடி பட்டுச்சா அங்கிள்?"

"இல்லம்மா. ரொம்ப தேங்க்ஸ்."

திரும்பினேன். பின்னாடி ஒரு பொண்ணு முதுகைப் படிக்கிறா. "ஒரகடம் புயல்னு போட்டிருக்குடி."

இன்னொண்ணு சொல்லுது, "கரையைக் கடந்துடுச்சு போல."

கிளட்ச் லிவர் ஒடிஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை, மெக்கானிக் கடை பூட்டியிருக்கு. கடை ஷட்டர் பக்கத்துல வண்டியப் பூட்டி நிறுத்தினேன். மணி ஆறு அம்பது. ஏழு மணிக்குப் படப்பைல இருக்கணும். வேற வழி இல்ல. கை காட்டினேன்.

ஷேர் ஆட்டோ நின்னுச்சு.

பின் சீட்டுல பூக்கூடைக்கும் ஒரு அம்மாவுக்கும் நடுவுல ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமா உக்காந்தேன். "வண்டி உள்ள எதுக்கு சார் ஹெல்மெட்டு?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. கழட்டி மடில வெச்சேன்.

டீக்கடை வாசல்ல இறங்கினேன். சரியா எங்க போர்டுக்குக் கீழ.

பாபு வந்திருந்தான். ஸ்கூட்டர்ல. பின்னாடி பொண்டாட்டி, முன்னாடி ரெண்டு காலிப் பை. தேவா கார்ல வந்திருந்தான், முன் சீட்டுல பழைய ஹெல்மெட்டை உக்கார வெச்சு பெல்ட்டும் மாட்டியிருந்தான். சேகர் கழுத்துப் பட்டையோட கம்பெனி பஸ்ல இருந்து இறங்கினான். ஸ்பீடு பிரேக்கரை நெனைச்சு பைக்கை வூட்லயே வுட்டுட்டானாம்.

முனுசாமி அண்ணன் டீ ஆத்திக்கினே எண்ணினாரு. "ஒரு ஸ்கூட்டரு, ஒரு காரு, ஒரு பஸ்ஸு. செக்ரெட்டரி ஷேர் ஆட்டோ."

ஆத்தின டீயை என் கைல குடுத்தாரு.

"நீங்களே ஷேர் ஆட்டோல வந்து இறங்கினா, நான் எந்த போர்டை சார் மாட்டறது?"

பதினெட்டு வருஷத்துல இப்பிடி ஒரு நியாயமான கேள்விய எங்ககிட்ட யாரும் கேட்டதில்ல.

போர்டை நானே கழட்டினேன். அது இருந்த எடம் மட்டும் செவுத்துல பழைய பெயிண்ட்டோட பளிச்சுன்னு இருந்துச்சு. உண்மைய சொல்லிடறேன், தூசி தட்டற சாக்குல மூஞ்சைத் திருப்பிக்கினேன். சேகரும் அந்தப் பக்கம் திரும்பிக்கினான், கழுத்து திரும்பாததால ஒடம்போட.

திரும்பி வரவும் ஷேர் ஆட்டோதான். "போர்டு ஒரு ஆள் எடம் அடைக்குது, ரெண்டு டிக்கெட்டு"ன்னுட்டாரு டிரைவரு. குடுத்தேன்.

வூட்ல செல்வி போர்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. பைக் எங்கன்னு கேக்கல. போர்டுல இருந்த ரெட் டேக்கை மட்டும் உரிச்சு, என் ஜாக்கெட் முதுகுல ஒட்டினா.

"ஒரு வாரம் டைம். ஒரே ஒரு வண்டி வாசல்ல வந்து நின்னு உங்களைக் கூப்பிடட்டும். கிழிச்சிடறேன். இல்ல, ஜாக்கெட்டும் போர்டும் பழைய இரும்புக்காரனுக்கு."

திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. குரூப்ல கட்டை விரல் கூட வரல. எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு.

நேத்து சாயங்காலம் வாசல்ல ஹார்ன் சத்தம். பாபு, ஸ்கூட்டர்ல. தனியா வந்திருந்தான்.

"மச்சான், மார்க்கெட்டுக்குப் போறேன். சும்மா உக்காந்து வரியா?"

செல்வி எட்டிப் பாத்தா. கூடத்துக்குப் போனா, சீட்டைக் கிழிச்சா, ஜாக்கெட்டை ஒரு கைலயும் கட்டைப் பையை இன்னொரு கைலயும் குடுத்தா.

கிளப் பொழைச்சிடுச்சு. ஸ்பீடு பிரேக்கர்ல தக்காளிதான் கொஞ்சம் நசுங்கிடுச்சு.