ஆவுடையப்பன் இளைத்த கதை

ஒரு காட்டில் அருவி ஒன்று இருந்தது. அருவி இருந்ததால் மனிதர்கள் வந்தார்கள். மனிதர்கள் வந்ததால் குரங்குகளுக்குச் செல்போன் கிடைத்தது. அந்தக் காட்டில் நாகரிகம் பரவிய வரலாறு இவ்வளவுதான்.

குளிப்பவர்கள் கரையில் வைத்துவிட்டுப் போனதையெல்லாம் சங்கிலி என்ற குரங்கு வாரிக்கொண்டு வந்து, போனுக்கு ஒரு சீப்பு பழம் என்று பண்டமாற்று நடத்தியது. கோடையில் விலங்குகள் குடிப்பதற்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் அருகே, மோட்டார் ஓட ஒரு சோலார் பலகை நின்றது. போன்களுக்கு உயிர் கொடுத்தது அதுதான். முன்பெல்லாம் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வருவார்கள். இப்போது சார்ஜ் போட வந்தார்கள். வந்த இடத்தில் தண்ணீரும் குடித்தார்கள்.

அந்தக் காட்டில் முப்பிடாதி என்ற முள்ளம்பன்றியும் பேராச்சி என்ற காட்டுப்பன்றியும் தோழிகளாக இருந்தார்கள். இருவரையும் சேர்த்து வைத்தது கிழங்கு. மழை பெய்து மண் இளகினால் பேராச்சி மூக்கால் கிண்டுவாள், முப்பிடாதி நகத்தால் பறிப்பாள். காட்டுவள்ளிக் கிழங்கை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொண்டு, அங்கே இல்லாத யாரைப் பற்றியாவது பேசிக்கொண்டிருப்பார்கள். ஈர மண்ணின் வாசம், வாயில் மாவாகக் கரையும் கிழங்கு, பக்கத்தில் பேராச்சியின் புஸ்புஸ் என்ற மூச்சு. முப்பிடாதிக்கு இதற்கு மேல் ஒரு சுகம் தெரியாது. யாரும் கட்டிப்பிடிக்க முடியாத உடம்போடு பிறந்தவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஒருத்தி கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று முள் இல்லாதவர்களுக்குப் புரியாது.

அந்த நல்ல காலத்தைக் கெடுத்தது ஒரு போட்டோ.

தொட்டிக் கரையில் எல்லோரையும் நிற்க வைத்துச் சங்கிலி ஒரு குரூப் போட்டோ எடுத்து, 'காட்டு உறவுகள்' பக்கத்தில் போட்டது. பவளம் என்ற புள்ளிமான் அதன் கீழே, "பேராச்சி அக்கா வரலையா?" என்று கேட்டாள். "வந்தாங்களே, நடுவுல நிக்கிறாங்க" என்றது சங்கிலி. "ஐயோ, நான் பாறைன்னு நினைச்சேன்" என்று பவளம் எழுதி, சிரிக்கும் முகங்களை ஒரு வரிசை வைத்தாள்.

பேராச்சியும் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டாள். ஆனால் அன்று கிழங்கு தின்னவில்லை.

"அவ கிடக்கா, குச்சிக் காலி. நீ தின்னுட்டி" என்றாள் முப்பிடாதி.

"உனக்கென்ன, முள்ளை விரிச்சுக்கிட்டு நின்னா எது முள்ளு, எது சதைன்னு யாருக்குத் தெரியுது?"

அந்த வாரம்தான் மலைப்பாம்பு ஆவுடையப்பன் தன் முதல் பதிவைப் போட்டான்.

பதிவில் இரண்டு படங்கள். முதல் படத்தில் ஆவுடையப்பனின் நடு உடம்பு, தண்ணீர்ப் பானையை வைத்துக் கட்டியதுபோல் புடைத்திருந்தது. இரண்டாவதில் தலை முதல் வால் வரை வழவழவென்று ஒரே சீராகக் கிடந்தான். "அன்று, இன்று. பத்தே நாள்! மனசு வைத்தால் எதுவும் முடியும் சொந்தங்களே" என்று எழுதியிருந்தான்.

காடு கொந்தளித்தது. "வேற லெவல்ண்ணே!" என்றது சங்கிலி. "அண்ணா, டயட் சார்ட் ப்ளீஸ்" என்றாள் பவளம், மூங்கில் குச்சிக்கு நாலு கால் முளைத்ததுபோல் இருப்பவள். ஆவுடையப்பனும் ஒளிக்காமல் சொன்னான்: "மாதத்துக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகிறேன். எதையும் மெல்லுவதில்லை. சாப்பிட்டபின் அசைவதே இல்லை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உடனே பாதிக் காடு மெல்லாமல் விழுங்கிப் பார்த்து விக்கலெடுத்தது.

முப்பிடாதி மட்டும் முதல் படத்தை இரண்டு நகத்தால் இழுத்துப் பெரிதாக்கினாள். புடைப்பின் மேல்பக்கம், தோலுக்கு உள்ளிருந்து, இரண்டு முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவள் மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கீழே எழுதினாள்: "ஆவுடையண்ணே, வயித்துக்குள்ள கொம்பு மாதிரி ஏதோ தெரியுதே? போன வாரம் அடிவாரத்துக் கிடையிலே ஒரு ஆட்டைக் காணோம்னு தேடுனாங்களே, அதுவா?"

பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. "வயித்தெரிச்சல்." "ஒருத்தர் முன்னேறினா பொறுக்காதே." "முள்ளு, முள்ளு மாதிரித்தான் பேசும்." ஆவுடையப்பன் மட்டும் பெருந்தன்மையாக, "விடுங்கள், தங்கச்சி தெரியாமல் பேசுகிறாள்" என்று கும்பிடும் கை ஒன்றைப் போட்டான். அவனுக்குக் கை கிடையாது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

முப்பிடாதிக்கு அதெல்லாம் வலிக்கவில்லை. சாயங்காலம் பேராச்சி வந்து நின்றபோதுதான் வலித்தது.

"ஏன்ட்டி அப்படி எழுதுன?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதுனேன்."

"உன் கண்ணுக்கு நல்லது ஒண்ணுமே தெரியாதா? நான் அந்த அண்ணனைப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். நேர்ல வந்தா ரகசியம் சொல்லுதேன்னு மெசேஜ் அனுப்பியிருக்காரு."

"நேர்லயா? வயித்துக்கு நேர்லயா?"

"பார்த்தியா, பார்த்தியா! நான் இப்படியே பாறையா இருக்கணும். அப்பத்தான் நீ சாய்ஞ்சு உக்கார வசதி."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். முப்பிடாதி ஒருநாளும் அவள்மேல் சாய்ந்ததில்லை; குத்திவிடுமோ என்று பயந்து ஒரு கிழங்கு அகலம் தள்ளியே உட்காருவாள். அதை எடுத்துச் சொல்வதற்குள் பேராச்சி போய்விட்டாள். போகும்போது சோலார் பலகையில் இருந்த தன் போனைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு போனாள்.

மறுநாள் முப்பிடாதி தனியாகக் கிழங்கு தோண்டினாள். கிழங்கு கசந்தது. "சாப்பிட்டியா?" என்று பேராச்சிக்கு அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. கோபம் தணியட்டும் என்று வேறு எதையோ பார்ப்பதுபோல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஆவுடையப்பனின் புதிய பதிவு வந்தது.

ஒரே ஒரு படம். நடு உடம்பு முன்னைவிடப் பெரிதாகப் புடைத்திருந்தது. "மறுபடியும் கொஞ்சம் போட்டுட்டேன் சொந்தங்களே. பரவாயில்லை! இன்று முதல் புதிய பயணம். இது 'அன்று' படம். 'இன்று' படத்துக்குக் காத்திருங்கள்!"

"உங்களால முடியும்ண்ணே!" என்று கீழே காடே கூவிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி படத்தைப் பெரிதாக்கவில்லை. பெரிதாக்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் புடைப்பின் வளைவு அவளுக்கு மனப்பாடம். எத்தனை மழைக்காலம் அதன் அருகே உட்கார்ந்திருக்கிறாள்!

முள்ளம்பன்றி ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கூடை நிறையக் கரண்டிகளை யாரோ மலையிலிருந்து உருட்டிவிட்டதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு அவள் ஆவுடையப்பனின் பாறைக்கு வந்து சேர்ந்தாள். அவன் வெயிலில் கண் திறந்தபடி கிடந்தான்.

"எங்க என் பேராச்சி?"

"வந்தாள் தங்கச்சி. ரகசியத்தைச் சொன்னேன். மனசுக்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்."

முப்பிடாதி பேராச்சியின் எண்ணை அழுத்தினாள். ஒரு கணம் காடு அமைதியாக இருந்தது. பிறகு ஆவுடையப்பனின் வயிற்றிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. கோயில் கொடைத் திருவிழாவில் பொம்பளைகள் போடும் குலவையைத்தான் பேராச்சி ரிங்டோனாக வைத்திருந்தாள்.

"செரிமானக் கோளாறு" என்றான் ஆவுடையப்பன்.

முள்ளம்பன்றிகள் முக்கியமான விஷயங்களை முகத்தால் சொல்வதில்லை. முப்பிடாதி திரும்பி நின்று, முள்ளையெல்லாம் விரித்து, பின்னாலேயே நாலடி ஓடி, அந்த வளைவுக்குச் சற்று கீழே ஒரே ஊன்றாக ஊன்றினாள்.

ஆவுடையப்பன் போட்ட அலறலில் அவன் வாய் குகைபோல் திறந்தது. முதலில் போன் வந்தது. பிறகு மூக்கு, பிறகு பேராச்சி. எண்ணெய்க் கொப்பரையில் முங்கி எழுந்தவள்போல் பளபளவென்று வெளியே வந்து விழுந்தாள். ரோமமெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பேராச்சிக்கும் இடுப்பு என்று ஒன்று இருந்திருக்கிறது. அதைக் காடு அன்றுதான் பார்த்தது.

முப்பிடாதிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஏட்டி! ஏட்டி! என்ன செய்யுது உனக்கு?"

பேராச்சி எழுந்து நின்றாள். தலையை உதறினாள். "நான் எப்படி இருக்கேன்?" என்றாள்.

"உயிரோட இருக்க!"

"அது தெரியுது. பின்னால இருந்து பார்த்துச் சொல்லு."

முப்பிடாதி பின்னால் போய்ப் பார்த்தாள். "இளைச்சுத்தான் இருக்க" என்றாள்.

பேராச்சி தொட்டிக்கு ஓடிப்போய்த் தண்ணீரில் தன்னைப் பார்த்தாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். பிறகு திரும்பி, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல நீ? இந்தத் தாடை அப்படியே நிக்குதே" என்றாள்.

தொட்டிக் கரையில் இருந்த சங்கிலி அங்கேயே படம் பிடித்தது. பாறை என்று கேலி செய்யப்பட்ட பழைய படமும் இந்தப் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. "ஒரே நாள்! நம்பிக்கையோடு உள்ளே போனேன், புதியவளாக வெளியே வந்தேன். ஆவுடையண்ணனுக்கு நன்றி. படம் எடுத்த சங்கிலித் தம்பிக்கு நன்றி. என்னோடு பயணித்த அனைவருக்கும் நன்றி" என்று பேராச்சி எழுதினாள். முப்பிடாதியின் பெயர் அதில் இல்லை. முப்பிடாதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு ஹார்ட் போட்டாள்.

அடுத்த நாள் விடிந்தபோது ஆவுடையப்பனின் பாறைக்கு முன்னால் வரிசை நின்றது. மிளா மான், நரி, மூன்று மயில்கள், இவர்களுக்கெல்லாம் முன்னால் பவளம். ஆவுடையப்பன் தன் கண்ணையே நம்பவில்லை. இரையைத் தேடிப் புதரில் மறைந்து கிடந்த காலம் போய், இரை டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறது! ஆனால் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "உள்ள போறது சரி. வெளிய வர்றதுக்கு யாரு?" என்று நரி கேட்டது. எல்லோரும் பேராச்சியைப் பார்த்தார்கள்.

பேராச்சி முப்பிடாதியைத் தேடிக்கொண்டு வந்தாள். முதல் நாள் இரவே ஆறு கிழங்கு தின்று இடுப்பு பாதி மறைந்திருந்தது. வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நடுவில் ஒரு கிழங்கு அகலம் இடைவெளி இல்லை. முள் ஒன்று விலாவில் பட்டது. "ஸ்" என்றாளே தவிர நகரவில்லை.

"கோவமாட்டி?"

"எனக்கென்ன கோவம்? நான் பெரிய வயித்தெரிச்சக்காரி."

"உள்ள இருட்டா இருந்துச்சுட்டி" என்றாள் பேராச்சி. "போன் அடிச்சுது. உன் பேரு வெளிச்சமா தெரிஞ்சுது. இனி பயமில்லைன்னு அப்பவே தூங்கிட்டேன்."

முப்பிடாதி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இன்னொரு ரவுண்டு போகணும்" என்றாள் பேராச்சி. "நீ வெளியே இருக்கேங்கிற தைரியத்துலதான் போறேன். ஆனா அவசரப்பட்டுக் குத்தாத. நான் உள்ள இருந்து மிஸ்டு கால் கொடுப்பேன். அப்பக் குத்து."

இப்படித்தான் முப்பிடாதிக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மிஸ்டு கால் வரும், முப்பிடாதி திரும்பி நிற்பாள், ஆவுடையப்பன் அலறுவான், ஒருவர் பளபளவென்று வெளியே வருவார், சங்கிலி படம் பிடிக்கும். நடுநடுவே ஓய்வு கிடைத்தபோது தோழிகள் இருவரும் பாறை ஓரத்தில் கிழங்கு தின்றார்கள். பேராச்சி தின்று பருத்து, உள்ளே போய் இளைத்து, வெளியே வந்து தின்றாள். இரண்டு பேருக்கும் இதைவிட நல்ல மழைக்காலம் அமைந்ததில்லை.

ஆவுடையப்பன் பாடுதான் திண்டாட்டம். விழுங்கியதெல்லாம் விழுங்கினான், வயிற்றில் தங்கியது ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. குரு என்கிறார்கள், கழுத்து எது என்று தெரியாத உடம்பில் மாலை போடுகிறார்கள். 'உங்களைத் தின்னத்தான் வாயைத் திறந்தேன்' என்று இத்தனை ஹார்ட் வாங்கிய பிறகு எப்படிச் சொல்வது? தோல் தொங்கியது. எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம், மிச்சமிருந்த சார்ஜில், தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் போட்டான்.

"உண்மையாகவே இளைத்துவிட்டேன். முடியவில்லை."

"எடிட் பண்ணிருக்கார்" என்றாள் பவளம். "பழைய படம்தானே இது?" என்றது நரி. "அண்ணே, இதெல்லாம் ஓவர்" என்றது சங்கிலி. ஒருவரும் நம்பவில்லை.

முப்பிடாதி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் கொம்பில்லை, குளம்பில்லை. வெறும் பசி மட்டும் இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக எழுதினாள்: "அண்ணே, ரொம்ப வாடிட்டீங்க. ஏதாச்சும் ஒழுங்காச் சாப்பிடுங்க."

பேராச்சி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னட்டி எழுதுத? அவரு சாப்பிட்டா நம்மளைத்தான்ட்டி சாப்பிடணும்!"

முப்பிடாதி சட்டென்று எல்லாவற்றையும் அழித்தாள். அழித்துவிட்டு, "சூப்பர் அண்ணே! அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று எழுதி, ஒரு ஹார்ட் வைத்து அனுப்பினாள்.

நீதி: உண்மையாக இளைப்பவனை உலகம் நம்பாது. ஆகவே இளைக்க விரும்புவோர் முதலில் நண்பர் ஒருவரை விழுங்கிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளவும்.