வெள்ளைத் துணியில் பழங்காலத்துக் கொள்ளு

பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போனால், நிச்சயம் முடியும்வரை அவர்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. நான் மண்மூட்டையோடு போனேன்.

எழுபதுகளின் தொடக்கம். அகழாய்வில் உதவியாளர் வேலை. (ஊரில் அதற்குப் பெயர் குழி தோண்டுவது.) பழைய அடுப்பொன்றின் சாம்பல் மண் ஒரு மூட்டை கிடைத்திருந்தது. தண்ணீரில் கொட்டினால் மண் அடங்கும், கருகிய தானியம் மிதக்கும். அந்தக் காலத்தில் என்ன விதைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். தண்ணீரும் தொட்டியும் வருங்கால மாமனாரிடம் இருந்தன. மண்ணரை என்ற ஊரில் பனியன் துணி வெளுக்கும் பட்டறை அவருடையது.

"ஓரத்துத் தொட்டி சும்மாதானுங்க கெடக்குது, எடுத்துக்கோங்க மாப்பள," என்றார்.

மண்ணைக் கொட்டிக் குழாயைத் திறந்தேன். கறுப்புக் கறுப்பாக மேலே வந்தது. சாமை, கொள்ளு. ரெண்டாயிரம் வருஷத்துக் கொள்ளு, நேற்று எங்கள் வீட்டில் தீய்ந்துபோனது மாதிரியே இருந்தது. வாயைப் பிளந்து நின்றவன் குழாயை மூடவில்லை. (கூறு கெட்டவன்.) தொட்டி நிரம்பினால் சுவர்த் துளை வழியாகத் தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போகும். அதில் சாயங்கால லாரிக்குப் போகவேண்டிய வெள்ளைத் துணி ஊறிக்கொண்டிருந்தது. பார்த்தபோது கறுப்பு மணிகள் அங்கேயும் போய் ஒட்டி, துணிக்கு அம்மை போட்டிருந்தது.

மாமனார் வந்தார். துணியைப் பிடித்து முறுக்கப் போனார்.

"பிழியாதீங்க மாமா," என்று அவர் கையையே பிடித்துவிட்டேன். "நசுங்குனாக் கரி அப்பிக்குமுங்க. கொள்ளும் போயிரும்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"லாரி வர்றதுக்குள்ள துணி வெள்ளையாகோணும். இல்லீன்னா நாளைக்கு உங்கூட்டுல இருந்து ஆரும் நிச்சயத்துக்கு வர வேண்டாமுங்க."

தொட்டிக்குள் இறங்கினேன். விரல் நுனியில் ஒவ்வொரு மணியாக ஒற்றி எடுத்து டம்ளரில் போட்டேன். ப்ளீச்சிங் நெடியில் கண் எரிந்தது. நிச்சயிக்கப்படவிருந்த சரஸ்வதியும் எதிரே வந்து குனிந்து பொறுக்கினாள். வெகுநேரம் கழித்து ஒன்றை நீட்டினாள்.

"ஏனுங்க, இது எலிப் புழுக்கையாட்டம் இருக்குதுங்க. இதும் வேணுங்களா?"

"வேணுங்க," என்றேன். புழுக்கை இருந்தால் தானியத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். அதை விளக்காமல் டம்ளரை நீட்டினேன்.

லாரி ஹாரன் கேட்டது. மாமனார் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏத்துங்கப்பா," என்றார் ஆட்களிடம். மறுநாள் நிச்சயம் நடந்தது.

இன்றைக்கும் சோற்றில் கறுப்பாக ஏதாவது கிடந்தால் சரஸ்வதி அதை எறிவதில்லை. பேரன் பேத்திகள் முன்னால் என் தட்டில் வைத்து, "எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லீட்டுச் சாப்பிடுங்க" என்கிறாள்.